இங்கிலாந்து ஸ்கூல்ல செக்ஸ் எஜுகேஷன் கிளாஸ்ல இருந்து பிள்ளைய விலக்க முடியுமா?

இயர் சிக்ஸ் (பிரைமரியோட கடைசி வருஷம், 10-11 வயசு) படிக்கிற பொண்ணுக்கு ஸ்கூல்ல இருந்து லெட்டர் வந்திருக்கு, உக்கார வைக்கணுமா வேணாமான்னு கேட்டிருக்கீங்க. விலக்கலாம், ஆனா எல்லாத்துல இருந்தும் முடியாதுங்க. 2020 செப்டம்பர்ல இருந்து பிரைமரில ரிலேஷன்ஷிப்ஸ் எஜுகேஷன் (குடும்பம், நட்பு மாதிரி உறவுகளப் பத்தின பாடம்) கட்டாயம், அரசு ஸ்கூல்ல ஹெல்த் எஜுகேஷனும் கட்டாயம், பீரியட்ஸ், வயசுக்கு வர்றதெல்லாம் அதுலதான் வருது, சயின்ஸ் பாடத்துல இருக்கிறதயும் தொட முடியாது. மிச்சமிருக்கிற செக்ஸ் எஜுகேஷனுக்கு மட்டும் ஹெட்டீச்சர்கிட்ட கேட்டா போதும், பிரைமரில அவங்க மறுக்க முடியாது. செகண்டரில 16 வயசுக்கு மூணு டேர்ம், அதாவது சுமார் ஒரு ஸ்கூல் வருஷம், முன்னாடி வரைக்கும்தான் உங்க பேச்சு, அதுக்கப்புறம் பிள்ளையே நான் கத்துக்கறேன்னு சொன்னா ஸ்கூல் ஏற்பாடு பண்ணணும். வேல்ஸ்ல 2022ல வந்த புது பாடத்திட்டத்துல விலக்குற உரிமையே கிடையாது.

என்னைக் கேட்டா, முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி அந்த கிளாஸ்ல காட்டப்போற ஸ்லைடு, வீடியோ எல்லாத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்க, பாதி பயம் அதுலயே போயிடும். ஏன்னா விலக்கினாலும் லஞ்ச் டைம்ல மத்த பிள்ளைங்க அரைகுறையா சொல்றது அவ காதுல விழத்தான் போகுது, டீச்சர் சொன்னதுக்கும் அதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். அப்படியும் வேணாம்னா அன்னைக்கே வீட்ல உக்காந்து நீங்களே சொல்லிக் குடுங்க, அம்மா பாத்துப்பான்னு அப்பா ஒதுங்கிடாதீங்க.