இயேசுவின் முகம்: நேற்றிரவு கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி: சேர், இயேசு பார்க்க எப்படி இருந்தார் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. நான்கு சுவிசேஷங்களிலும் அவருடைய உயரம், நிறம், தாடி பற்றி ஒரு வரி கிடையாது. வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் வரும் வெண்பஞ்சு போன்ற தலைமயிர், யோவான் கண்ட தரிசனம்.

தெகிவளைத் தம்பி: லெந்துலு என்ற ரோம ஆளுநர் அவரை வருணித்து எழுதிய கடிதம் வாட்ஸ்அப்பில் வந்ததே?

போலி. யூதேயாவில் அப்படி ஓர் ஆளுநர் இருந்ததில்லை. இடைக்காலத்தில் யாரோ எழுதியது. தயவுசெய்து பகிராதீர்கள்.

வெள்ளவத்தை அண்ணா: கல்கிசை புனித தோமையார் கல்லூரிச் சிற்றாலயத்தில் தாடி இல்லாத இயேசுவை வரைந்திருக்கிறார்களே, அது சரியா?

இலங்கை ஓவியர் டேவிட் பெயின்டர் 1968இல் முடித்த மறுரூப ஓவியம், இயேசு மலைமேல் ஒளிமயமாக மாறிய காட்சி. அன்றே அதற்கு எதிர்ப்பு வந்தது. ஆனால் அண்ணா, நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய இயேசு ஓவியங்களில் ஒன்று சிரியாவின் டூரா யூரோப்போஸில் இருந்த வீட்டுக் கோயிலில், சுமார் 235இல் வரைந்தது; திமிர்வாதக்காரனைக் குணமாக்கும் காட்சி, அதில் அவர் குட்டை முடியோடு தாடியில்லாத இளைஞர். நாம் பழகிய நீண்ட முடியும் தாடியும் பிறகுதான் நிலைத்தன.

மருதானைச் சகோதரர்: குர்ஆனில் அவரைப் பற்றி இருக்கிறதா?

ஈஸா நபி என்று இயேசுவின் பெயர் 25 இடங்களில் வருகிறது, 19ஆம் அத்தியாயத்தின் பெயரே அவருடைய தாயின் பெயரான மர்யம். மேற்கொண்டு ஒரு மௌலவியிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

மட்டக்குளி அன்ரி: அவர் பிறந்தது டிசம்பர் 25தானா?

சுவிசேஷங்களில் தேதி இல்லை. ரோமில் 336இல் கொண்டாடியதுதான் முதல் பதிவு.

வெள்ளவத்தை அண்ணா மறுபடி: அப்போ ஆளாளுக்கு விரும்பியபடி வரையலாமா? அவர் யூதர்.

யூதர்தான், அதை ஒருவரும் அழிக்கக் கூடாது. மத்தேயு தொடங்குவதே அவரை யூத அரசர் தாவீதின் குமாரன் என்றுதான். லூக்காவில் யூத முறைப்படி எட்டாம் நாள் விருத்தசேதனம். ஆனால் அந்தக் கோபத்தை நம் முன்அறையில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் படத்திடமும் காட்டுங்கள். உலகமெங்கும் போன அந்த வெளிர்நிற முகத்தை வோர்னர் சால்மன் என்ற அமெரிக்கர் 1940இல் வரைந்தார், 50 கோடிக்கு மேல் அச்சானதாகச் சொல்கிறார்கள். அதைப் பார்த்தே வளர்ந்ததால் அதையே அவருடைய போட்டோ என்று மனதில் பதித்துக்கொண்டோம், பிறகு வேறு முகம் கண்டால் பதறுகிறோம். பெயின்டரின் ஓவியத்தை ஒருவரும் போட்டோ என்று ஏமாற மாட்டார்கள், அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை.

பம்பலப்பிட்டித் தம்பி: சேர், அந்த லெந்துலு கடிதம்...

போலி. மேலே வாசியுங்கள்.

வெள்ளவத்தை அண்ணா: என்னால் பெயின்டரின் அந்தப் படத்தின் முன் ஜெபிக்க முடியாது.

சரி அண்ணா, கண்ணை மூடி ஜெபியுங்கள். ஆனால் முதலில் அனுமதி கேட்டுப் போய் ஒரு மணி நேரம் அதன் முன் உட்காருங்கள், நானும் வருகிறேன்.