குதிகாலைப் பூட்டும் முன்

குதிகாலைத் தூக்கவிடும் டெலிமார்க் பனிச்சறுக்கில் பல பருவங்கள் சறுக்கியவர்கள், குதிகாலைப் பூட்டும் ஆல்பைன் வகைக்கான பூட், ஸ்கீ, பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் ஆகியவற்றைக் குறைந்த செலவில் சேர்க்க நினைக்கும்போது கேட்கும் கேள்விகள் இவை.

என்னிடம் நல்ல என்டிஎன் (புதிய டெலிமார்க் தரம்) பூட் இருக்கிறது. அதையே ஆல்பைன் பைண்டிங்கில் மாட்டலாமா?

மாட்டக் கூடாது. வாத்து அலகு போல முனை நீண்ட பழைய 75 மி.மீ. டெலிமார்க் பூட்டுக்கும் இதே பதில்தான். ஆல்பைன் பைண்டிங் பூட்டை முன்னும் பின்னும் பிடித்து, நடுவில் ஒரு நிலையான அழுத்தத்தில் வைத்திருக்கிறது. டெலிமார்க் பூட்டோ விரல்கள் மடியும் இடத்தில் மடிப்பு வைத்துச் செய்யப்பட்டது. அடிப்பாகம் வளைந்தால் அந்த அழுத்தம் மாறும். அது மாறினால் பைண்டிங் எப்போது கழலும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. சில என்டிஎன் பூட்டுகளின் முனையில் பின் செருகும் உலோகக் குழிகள் இருக்கும். அவை மலையேறும் டெக் பைண்டிங்கின் முன்பகுதிக்கானவை, ஆல்பைன் பைண்டிங்குக்கு உதவாது.

ஆகவே பட்ஜெட்டில் முதல் பங்கு பூட்டுக்கு. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை வையுங்கள். விரல்கள் முன்னால் மெல்லத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி இருந்தால் அன்றாடச் சறுக்கலுக்குச் சரி. இறுக்கமாக வேண்டுவோர் 10 மி.மீ. வரை போகலாம். பூட்டில் எழுதியிருக்கும் ஃப்ளெக்ஸ் எண்ணுக்குப் பொதுத் தரம் கிடையாது, ஒரு நிறுவனத்தின் 110 இன்னொன்றின் 100 போல இருக்கும். பழைய பூட் வாங்கினால் கொக்கிகளைப் பார்ப்பதற்கு முன் அடிப்பாகத்தின் முனையையும் குதியையும் பாருங்கள். பைண்டிங் பிடிப்பது அந்த இரண்டு விளிம்புகளைத்தான். வாகன நிறுத்தத்தில் நடந்து நடந்து அவை தேய்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

கிரிப்வாக், ஐஎஸ்ஓ 5355, 9523 என்று குழப்புகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

பூட் அடிப்பாகத்தின் வடிவத்தை மட்டும். 5355 என்றால் தட்டையான, கடினமான ஆல்பைன் அடிப்பாகம். கிரிப்வாக் என்றால் நடக்க வசதியாக வளைந்த, ரப்பர் ஒட்டிய அடிப்பாகம். 9523 மலையேறிச் சறுக்குவதற்கான டூரிங் பூட்டுக்கானது. ஆல்பைனுக்கு மட்டும் என்றிருக்கும் பழைய பைண்டிங்கில் கிரிப்வாக் பூட் சேராது. கிரிப்வாக் குறியிட்ட பைண்டிங்கில் பொதுவாக இரண்டும் சேரும், ஆனால் சில மாடல்களில் முன்பகுதியின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். டூரிங் பூட்டும் சேர வேண்டுமானால் எம்என்சி போன்ற பலதரக் குறி உள்ளதைத் தேடுங்கள்.

டெலிமார்க்கில் எனக்குப் பிடித்த மென்மையான ஸ்கீயையே ஆல்பைனுக்கும் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். டெலிமார்க் திருப்பத்தில் பாரம் இரண்டு காலிலும் பகிரப்படுகிறது. பின்கால் முன்பாதத்தில் அழுத்துகிறது, இரண்டு ஸ்கீயும் சேர்ந்து ஒரு நீண்ட வளைவு போல வேலை செய்கின்றன. ஆல்பைனில் பெரும்பகுதி பாரம் வெளிப்பக்க ஸ்கீ ஒன்றின் மேல் விழுகிறது. டெலிமார்க்கில் இதமாக இருந்த அதே ஸ்கீ, கடினப் பனியில் முறுக்கிக்கொண்டு எட்ஜ் (ஓரத்து உலோக விளிம்பு) பிடியை விடுவதற்கு இதுதான் காரணம். நீளவாக்கில் நடுத்தர வளைவு போதும், முறுக்கத்துக்கு எதிராக மட்டும் உறுதி வேண்டும். உள்ளே உலோகத் தகடு உள்ளவை இதில் முன்னே நிற்கின்றன. எடை கூடுதல்தான், ஆனால் குதிகாலைத் தூக்கி நடக்கப் போவதில்லையே.

சீரமைத்த பாதையில்தான் பெரும்பாலும் என்றால் நடு அகலம் 70 முதல் 80 மி.மீ., திருப்ப ஆரம் 13 முதல் 16 மீட்டர். எல்லா இடத்துக்கும் ஒன்றே என்றால் 85 முதல் 95 மி.மீ. 105-க்கு மேல் ஆழமான புதுப்பனிக்கு. பட்ஜெட்டில் ஒரே ஒரு ஜோடி வாங்குபவர் அதை எடுக்க வேண்டியதில்லை. நீளம் மூக்குக்கும் தலை உச்சிக்கும் இடையில். முனை நன்றாக மேலெழுந்த ராக்கர் வகை என்றால் தலை உயரமே சரி, ஏனெனில் பனியைத் தொடும் பகுதி பார்வைக்குத் தெரிவதைவிடக் குறைவு.

செலவைக் குறைக்க எளிய வழி: போன பருவத்து மாடல். பெரும்பாலும் ஸ்கீயின் மேற்பரப்பில் உள்ள படம்தான் மாறியிருக்கும்.

பழைய ஸ்கீயில் டெலிமார்க் துளைகள் இருக்கின்றன. அதில் ஆல்பைன் பைண்டிங் போடலாமா?

ஸ்கீயைப் பொறுத்தது. தோல் பூட் காலத்து ஒடுக்கமான, நேரான ஸ்கீ என்றால் விட்டுவிடுங்கள். குதிப்பகுதித் திருகுகளை ஆல்பைன் பைண்டிங் இழுக்கும் விசைக்கு ஏற்ற வலுவூட்டல் அவற்றில் சிலவற்றில் இருக்காது. ஆல்பைன் ஸ்கீயில் டெலிமார்க் பைண்டிங் போட்டிருந்தது என்றால் பார்க்கலாம்.

புதிய துளையின் மையம் பழைய துளையின் மையத்திலிருந்து குறைந்தது 10 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். பைண்டிங்கின் காகித டெம்ப்ளேட்டை ஸ்கீயின் மேல் விரித்துப் பாருங்கள். மோதினால் மொத்த பைண்டிங்கையும், அதை வைக்க ஸ்கீயில் குறித்திருக்கும் கோட்டிலிருந்து 10 மி.மீ. வரை முன்னோ பின்னோ நகர்த்தலாம். அதற்கு மேல் நகர்த்தினால் ஸ்கீயின் குணமே மாறும். பழைய துளைகளில் பிளாஸ்டிக் அடைப்பான்களை நீர்புகாப் பசையோடு அடித்து மூடுங்கள். விட்டால் மரக்கட்டைக்குள் நீர் இறங்கி உப்பும். ஏற்கெனவே இரண்டு முறை துளையிட்டதென்றால் மூன்றாவது வேண்டாம்.

துளைகளைத் தவிர: பக்கச்சுவரில் நகத்தை ஓட்டி அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா பாருங்கள், முக்கியமாக வால்முனையில். எட்ஜில் விரிசல், அடியில் கட்டை தெரியும் அளவுக்குப் பள்ளம், பலமுறை தீட்டி மெலிந்த எட்ஜ் எல்லாம் விலையைக் குறைக்கும் காரணங்கள் அல்ல, வாங்காமல் திரும்பும் காரணங்கள்.

பழைய ஸ்கீயோடு பைண்டிங்கும் சேர்த்துத் தருகிறார்கள். லாபமா?

பைண்டிங் தயாரிப்பாளர்கள் தாங்கள் இன்னும் பொறுப்பேற்கும் மாடல்களை ஆண்டுதோறும் பட்டியலிடுகிறார்கள். பட்டியலில் இல்லாததைப் பெரும்பாலான கடைகள் சரிசெய்யவோ சோதிக்கவோ மாட்டா. பிளாஸ்டிக் நொறுங்கும், ஸ்பிரிங் சோரும், கிரீஸ் காயும். அப்படியானால் அந்த ஸ்கீக்கு மட்டும் விலை பேசுங்கள். பழைய ஸ்கீயில் புதிய பைண்டிங் நல்ல சிக்கனம், புதிய ஸ்கீயில் பழைய பைண்டிங் அப்படியல்ல.

தண்டவாளம் போன்ற தகட்டோடு வரும் சிஸ்டம் ஸ்கீ என்றால் அதற்குரிய குடும்பத்து பைண்டிங் மட்டுமே ஏறும். வாடகைக் கடைகள் கழிக்கும் டெமோ பைண்டிங் கனமானது, ஆனால் பூட் நீளத்துக்கு ஏற்ப நகரும். பூட்டை இன்னும் முடிவு செய்யாதவருக்கு அது வசதி. லுக் பிவட் எல்லோரும் புகழும் பைண்டிங்தான். ஆனால் அதன் குதிப்பகுதி நகரும் தூரம் மிகக் குறைவு, வேறொருவர் பூட்டுக்குத் துளையிட்டது உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.

இன்னொன்று: சாலமனும் அட்டாமிக்கும், லுக்கும் ரோசிக்னாலும், டைரோலியாவும் ஹெட்டும் பல பைண்டிங்குகளை ஒரே அச்சில் வெவ்வேறு பெயரில் விற்கின்றன. விலை குறைந்த பெயரை எடுங்கள்.

டின் எண் எவ்வளவு வைக்க வேண்டும்? டெலிமார்க்கில் வேகமாகச் சறுக்குபவன் நான்.

டின் எண் என்பது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்டை விடுவிக்கும் என்பதைக் குறிக்கும் அமைப்பு. பெரும்பாலான டெலிமார்க் பைண்டிங்குகளில் டின் தரத்திலான விடுவிப்பு கிடையாது. அதனால் அங்கிருந்து வருபவர்கள் இந்த எண்ணை வீரத்தின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். எடை, உயரம், வயது, சறுக்கும் வகை, பூட் அடிப்பாக நீளம் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஐஎஸ்ஓ 11088 அட்டவணையில் அது கிடைக்கும்.

ஒரு கணக்கு. எடை 74 கிலோ, அட்டவணையின் 67–78 வரிசையில் விழுகிறது, அந்த வரிசையின் எழுத்து கே. உயரம் 180 செ.மீ., 179–194 வரிசை, எல். இரண்டும் வேறுபட்டால் மென்மையானதையே எடுக்க வேண்டும், எனவே கே. வேகமாகச் சறுக்கும் மூன்றாம் வகை என்றால் இரண்டு வரிசை கீழே இறங்கி எம். வயது 52 என்பதால் ஒரு வரிசை மேலே ஏறி எல். அந்த வரிசையில் உங்கள் பூட் நீளத்துக்குரிய கட்டத்தில் உள்ள எண்தான் உங்களுடையது. நீளம் பூட்டின் குதிப்பக்கம் மி.மீ.யில் பொறிக்கப்பட்டிருக்கும். நீளமான பூட்டுக்கு எண் குறையும்.

வந்த எண் பைண்டிங்கின் வீச்சில் நடுப்பகுதியில் விழ வேண்டும். 6 வைப்பவருக்கு 3 முதல் 11 வரை உள்ள மார்க்கர் ஸ்குவைர் போதும், விலையேறிய 13, 16 எல்லாம் வீண். ஆல்பைனில் புதிதாய் இறங்கும் முதல் சில நாளைக்கு வகை இரண்டையே சொல்லுங்கள். பைண்டிங் முக்கியமாகக் காப்பது கீழ்க்கால் எலும்பைத்தான். முழங்கால் தசைநாருக்கு அந்த அளவு உத்தரவாதம் கிடையாது.

கழன்ற ஸ்கீ ஓடாமல் நிறுத்தும் பிரேக்கின் அகலம்?

ஸ்கீயின் நடு அகலத்துக்குச் சமம் அல்லது 15 மி.மீ. வரை கூடுதல். அதற்கு மேல் போனால் சாய்ந்து திரும்பும்போது பிரேக் கை பனியில் உரசும்.

டெலிமார்க் பைண்டிங் நானே மாட்டியிருக்கிறேன். இதையும் மாட்டலாமா?

துளையிடுவது அதே வேலைதான். டெம்ப்ளேட்டை அளவு மாறாமல் அச்சிட்டு அளவுகோலால் சரிபாருங்கள். ட்ரில் பிட் அளவு ஸ்கீயின் மேலேயே எழுதியிருக்கும்: உலோகத் தகடு உள்ளதற்குப் பெரும்பாலும் 4.1, இல்லாததற்கு 3.5 அல்லது 3.6 மி.மீ., ஆழம் 9. ஆழத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்புள்ள பிட் இல்லாமல் தொடங்காதீர்கள், அடிப்பக்கம் துளைத்துக்கொண்டு வரும். உலோகம் உள்ளதில் மரையும் வெட்ட வேண்டும். துளையில் ஒரு சொட்டுப் பசை, பிறகு போசிட்ரைவ் 3 ஸ்க்ரூடிரைவரால் கையாலேயே முறுக்குங்கள். சாதாரண பிலிப்ஸ் திருகுத் தலையைத் தின்றுவிடும். மரை கழன்றுபோனால் எபாக்ஸியில் ஸ்டீல் வூல் கலந்து அடைத்து, இறுகிய பின் மறுபடி துளையிடலாம்.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். பூட்டை மாட்டி, முன்னோக்கு அழுத்தத்தை (குதிப்பகுதி பூட்டை முன்னால் தள்ளும் அழுத்தம்) காட்டும் குறி உரிய இடத்தில் நிற்கும்வரை குதிப்பகுதியை நகர்த்துங்கள். பிறகு டார்க் (முறுக்குவிசை) சோதனைக் கருவி உள்ள கடையில் விடுவிப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். எண் சரியாக இருந்தும் தேய்ந்த பூட்டாலோ அழுக்கான முன்பகுதித் தட்டாலோ பைண்டிங் வேறு விசையில் கழலலாம். அந்த ஒரு செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒரே ஸ்கீயில் இரண்டு பைண்டிங்கையும் மாற்றி மாற்றிப் போட இன்சர்ட் வைத்தால்?

வைக்கலாம். எம்5 மரையுள்ள துருப்பிடிக்காத உருளைகளை எபாக்ஸியில் பதிப்பார்கள். இரண்டு துளை அமைப்புகளும் மோதாமல் இருக்க வேண்டும், திருகு நீளம் மாறும், கழற்றக்கூடிய வகை மரைப்பசை போடாவிட்டால் தளரும். ஒவ்வொரு முறை ஆல்பைனுக்கு மாற்றும்போதும் முன்னோக்கு அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். உருளைகள், திருகுகள், கூலி எல்லாம் கூட்டிப் பாருங்கள், பல நேரம் பழைய ஸ்கீ இன்னொரு ஜோடி வாங்குவதே மலிவு.