ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப்: மூன்றில் எதை வாங்கி லோடு ஓட்டலாம்?

மூன்றையும் ஓட்டியவர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். வந்திருக்கும் மற்ற பதில்களில் குதிரைத்திறன் இருக்கிறது, டார்க் இருக்கிறது, டச் ஸ்கிரீன்கூட இருக்கிறது. தார்ப்பாய்க் கயிறு இழுத்துக் கட்டிய ஆள் எழுதிய பதில் ஒன்றும் கண்ணில் படவில்லை.

நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை. மூன்று வண்டிக்கும் சொந்தப் பெயரில் டியூ கட்டியவன், அவ்வளவுதான். தொழில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் காய்கறி லோடு. கொடைக்கானல் மேல்மலையிலிருந்து இறக்குவது, கேரளாவுக்கு ஏற்றிப் போவது. சென்னையில் பார்சல் ஓட்டுகிறவருக்கு என் கணக்கு ஒத்துவராது. அவர்கள் வந்து சண்டை பிடிக்க வேண்டாம்.

கேள்வியைப் படித்தால் தம்பி இப்போது இன்னொருவர் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறீர்கள், வீட்டு நகையும் சீட்டுப் பணமும் சேர்த்து முன்பணம் கட்டப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியே வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா காசில் வாங்குகிறவர் என்றால் எந்த நிறம் பிடிக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம்.

2005ல் டாடா ஏஸ் வந்தபோது எங்கள் பக்கம் சின்ன லோடுக்கு மூன்று சக்கர வண்டி, பெரிய லோடுக்கு டாடா 407 லாரி என்றுதான் பெரும்பாலும் இருந்தது. அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்தது இந்தக் குட்டி யானை. இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், 12 இஞ்ச் சக்கரம், முக்கால் டன். காகிதத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் தோட்டத்துக்குள் கிணற்று மேடு வரை போகும், சந்துக்குள் திரும்பும், என் கையில் லிட்டருக்கு 18 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்தது. ஏஸ் ஓட்டுகிறவனை இளக்காரமாகப் பார்க்கிற பழக்கம் ஸ்டாண்டில் உண்டு. பொம்மை வண்டி என்பார்கள். அந்தப் பொம்மை வண்டியை வைத்துத்தான் நான் தங்கச்சி கல்யாணத்தை முடித்தேன். ஊருக்குள் தண்ணீர் கேன், சிமென்ட், மளிகைச் சாமான் என்று சுற்றுவட்டத்தில் தொழில் என்றால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். மலைக்கு மட்டும் அது கிடையாது. உர மூட்டையோடு கொடைக்கானல் மலைப்பாதையில் காட்ரோட்டிலிருந்து பெருமாள்மலை வரை ஏறிப் பாருங்கள், பின்னால் டூரிஸ்ட் கார்கள் ஊர்வலமாக வரும். அதை வண்டியின் குறை என்று சொல்ல மாட்டேன். மலை ஏறுவதற்காக அதைச் செய்யவில்லை.

அப்புறம் தோஸ்த். அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து 2011ல் கொண்டுவந்தது, ஓசூரில் செய்தது. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டீசல், ஒன்றேகால் டன். உட்கார்ந்து ஓட்டுவதற்கு மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். பவர் ஸ்டீயரிங், எதிரே மூக்கு இல்லாததால் கொண்டை ஊசி வளைவில் சக்கரம் எங்கே போகிறது என்று அப்படியே தெரியும். என்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, மே மாதத்தில் அது உங்களுக்குத் தெரியாமல் போகாது. மைலேஜ் 14, 15. இவ்வளவு பிடித்த வண்டியை ஏன் விற்றாய் என்று கேட்பீர்கள். அங்கேதான் கதையே இருக்கிறது.

ஓணத்துக்கு முந்தின வாரம் எங்கள் மார்க்கெட்டில் வண்டி கிடைக்காது. கேரளாவுக்கு எவ்வளவு போனாலும் இன்னும் கேட்பார்கள். அப்படி ஒரு நாள் ஒரு கமிஷன் கடைக்காரர் போன் போட்டு, "பாலக்காட்டுக்கு ஒரு பிக்கப் வேணும் தம்பி, உடனே வா" என்றார். தோஸ்த்தோடு போய் நின்றேன். தக்காளிப் பெட்டி, மேலே முருங்கைக்கட்டு. ஏற்றி முடித்தபோது கடைசி வரிசை கீழேயே நின்றுவிட்டது. தோஸ்த்தில் சரக்கு ஏற்றும் தொட்டி சுமார் எட்டு அடி, எங்கள் பக்கம் பிக்கப் என்றால் நினைக்கிற 1.7 டன் பொலேரோ பிக்கப்பின் தொட்டி ஒன்பது அடி. அந்த ஓர் அடிதான். அவர் வாடகையைக் குறைத்துப் பேச ஆரம்பித்தார். "அண்ணே, ஒன்றேகால் டன் வண்டிண்ணே. ஆர்.சி. புக்கைப் பாருங்க, 1.3 டன் சின்ன பிக்கப்பைவிட 50 கிலோதான் குறைச்சல்" என்றேன். "புக்கை நீயே படிச்சுக்கோ. எனக்குப் பெட்டிதான் கணக்கு" என்றார்.

எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. அங்கே எல்லாரும் போனில் கேட்பது "ஒரு பிக்கப்". வாடகை பேசுவது பிக்கப்புக்கு. பாலக்காட்டில் இறக்குகிறவர் எண்ணி வைத்திருப்பதும் ஒரு பிக்கப் பெட்டி. அதைவிட நல்ல வண்டியோடு போய் நின்றாலும் நீங்கள் குறைந்த வண்டிதான். இதே தோஸ்த்தை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஓட்டியிருந்தால் எனக்கு விற்கிற எண்ணமே வந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆகவே ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் நீங்கள் லோடு எடுக்கப் போகிற மண்டியில் விடியற்காலையில் போய் நின்று, போனில் எந்த வண்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

பொலேரோ பிக்கப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாலு சிலிண்டர், இரண்டரை லிட்டர் டீசல், 15 இஞ்ச் சக்கரம், முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டை. காலியாகப் போனால் குடலை ஆட்டும். லோடு ஏறினால் அடங்கி உட்காரும். மைலேஜ் 11, 12, மலையில் இன்னும் குறையும். மன்னவனூரிலிருந்து கேரட் மூட்டையோடு இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு என்ஜினே பிடித்துக்கொள்கிற தெம்பு இதில் உண்டு. பிரேக்கைக் காலில் வைத்துக்கொண்டே டம்டம் பாறை வரை வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பயம். எங்கள் ஊரில் எந்த ஒர்க் ஷாப்பிலும் இதன் சாமான் கிடக்கும், ராத்திரி பத்து மணிக்கும் கிளட்ச் பிளேட் கிடைக்கும்.

உடனே ஒருவர் வந்து பிக்கப்பில் இரண்டரை டன் ஏற்றலாம், நான் ஏற்றியிருக்கிறேன் என்பார். ஏற்றலாம். பட்டை தாங்கும், ஆக்சில்கூடத் தாங்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓவர்லோடுக்கு எழுதியிருப்பது 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. அந்த நடைக்கு வாடகையே அவ்வளவு வராது. பிடித்த இடத்தில் லோடை இறக்கு என்று சொன்னால் பீன்ஸ் மூட்டையை ரோட்டில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். லோடுமேன் "டிரைவரண்ணே, நாலு மூட்டைதானே" என்பார். மலையில் கீழே இறக்கிக் கொண்டுவரப் போவது அவர் இல்லை.

இன்னொன்று யாரும் எழுதவில்லை. வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோ வரை, வாடகைக்கு ஓடும் நாலு சக்கர டீசல், பெட்ரோல் சரக்கு வண்டிக்கெல்லாம் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கானது) ஒரே தொகைதான். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 16,049 ரூபாய், வரி தனி. முக்கால் டன் ஏஸுக்கும் அதே, 1.7 டன் பிக்கப்புக்கும் அதே. சின்ன வண்டிக்குச் செலவு சின்னதாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கே இடறுவார்கள். மறுபக்கம், மொத்த எடை 3,000 கிலோ தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம். ஏஸும் தோஸ்த்தும் அதற்குள் வந்துவிடும், 1.7 டன் பிக்கப் தாண்டிவிடும். பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்ட லைசென்சில் போடும் தனி அனுமதி) இல்லையே என்று பயந்தால், கார் ஓட்டுகிற எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொன்னதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்துவிட்டது.

புகை அளவுக்கான பிஎஸ்6 விதிப்படி வந்த புது டீசல் வண்டி வாங்கினால், சைலன்சரோடு சேர்ந்து புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். நீள ஓட்டம் ஓடினால் சேர்ந்த கரியை அதுவே எரித்துக்கொள்ளும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். ஒரு சர்வீஸ் சென்டரில் (எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன்) அந்த விளக்குக்காக என்னை இரண்டு நாள் உட்கார வைத்தார்கள், பாத்ரூம்கூடக் காட்டவில்லை. கார்க்காரருக்கு ஏசி அறையும் காபியும், லோடு வண்டிக்காரனுக்கு வேப்பமர நிழல். ஊருக்குள் ஓட்டம் என்றால் பெட்ரோல் அல்லது சிஎன்ஜி பாருங்கள்.

வண்டி வாங்கினால் வரப்போகிற இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. எந்த வண்டி வாங்கினாலும் சொந்தக்காரர்களுக்கு அது பொது வண்டி. வீடு காலி செய்ய, சீர் கொண்டுபோக, பழைய பீரோ விற்க. "டீசல் மட்டும் போட்டுடறோம் மாப்ளே" என்பார்கள், அதையும் போட மாட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. குலதெய்வம் கோயிலுக்கு முப்பது பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போ என்கிறார்கள். மறுத்தால் திமிர் பிடித்தவன். சரக்கு வண்டியில் சரக்குக்காரரோ அவருடைய ஆளோ கூட வரலாம், அவருக்கு இன்சூரன்ஸ் உண்டு. சும்மா ஏறி உட்கார்ந்தவருக்குக் கிடையாது. ஏதாவது ஆனால் முப்பது குடும்பத்துக்கும் நான் என் காட்டை விற்றுத்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதற்காகச் சித்தப்பா வீட்டில் இன்னும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. நம்மை ஆதரித்துப் பேசவேண்டிய பெரியவர்களே "போலீஸ் நம்ம ஆளுதான்" என்கிறார்கள். போலீஸ் யாராக இருந்தால் என்ன, வளைவுக்கு ஆள் தெரியுமா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலை, கேரளா, காய்கறி என்றால் பிக்கப். ஊருக்குள் என்றால் ஏஸ். சமவெளியில் நீள ஓட்டம், உங்கள் ஸ்டாண்டில் தோஸ்த்துக்கும் அதே வாடகை கிடைக்கிறது என்றால் தோஸ்த், முதுகு வாழ்த்தும். பழைய வண்டி பார்ப்பதாக இருந்தால் எட்டு வருடம் தாண்டியதை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். அதுவரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இருக்கும் எஃப்சி (வண்டி ஓடத் தகுதி என்று வாங்கும் சான்று) அதற்கு மேல் வருடா வருடம் வரும். ஒவ்வொரு எஃப்சிக்கும் பெயிண்ட், தொட்டி வெல்டிங், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், ஓட்டம் இல்லாத நாள் எல்லாம் சேரும். அதை விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.