‘டிட்’ வந்த பிறகு ‘வென்ட்’ எதற்கு?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஆங்கில வினைச்சொற்களைப் பற்றியவை. மெயின் வெர்பை முதல்வினை என்றும் ஹெல்பிங் வெர்பை துணைவினை என்றும் எழுதுகிறேன். நம் தமிழ்ப் பாடத்தில் உள்ள பெயர்கள்தான்.

பண்ருட்டியிலிருந்து ஒரு தாய்: ஐயா, ‘ஷி இஸ் எ நர்ஸ்’ என்பதில் மெயின் வெர்ப் எது என்று பரீட்சையில் கேட்டிருக்கிறார்கள். ‘இஸ்’ ஹெல்பிங் வெர்ப், அதனால் மெயின் வெர்ப் இல்லை என்று என் மகள் எழுதினாள். மார்க் போய்விட்டது. ஏன்?

மகளைத் திட்டாதீர்கள் அம்மா. ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ எல்லாம் ஹெல்பிங் வெர்ப் என்று பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அதில் வந்த வினை இது. சொல்லை மட்டும் பார்த்து அது முதலா துணையா என்று சொல்ல முடியாது. வாக்கியத்தில் அதற்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். ‘அப்பா வீட்டில் இருக்கிறார்’ என்றால் ‘இரு’ முதல்வினை. ‘அப்பா வந்திருக்கிறார்’ என்றால் முதல்வினை ‘வா’. ‘இரு’ அதற்குத் துணை. ‘கடலைப் பார்த்தாள்’, ‘எழுதிப் பார்த்தாள்’ இரண்டையும் மகளிடம் சொல்லிப் பாருங்கள், அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

தமிழில் ‘அவர் நர்ஸ்’ என்று வினையே இல்லாமல் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் முழு வாக்கியத்துக்கு ஒரு வினை கட்டாயம் வேண்டும். அந்த இடத்தில் ‘இஸ்’ தனியாக நிற்பதால் அதுவே முதல்வினை. ‘ஷி இஸ் ஸ்லீப்பிங்’ என்றால் ‘ஸ்லீப்’ முதல்வினையாகி, ‘இஸ்’ துணைக்குப் போய்விடும். ‘ஹேவ்’, ‘டூ’ இரண்டும் இப்படி இரண்டு வேலையும் பார்ப்பவைதான்.

தவளக்குப்பத்திலிருந்து ஓர் இளைஞர்: துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஒரு வெளிநாட்டுப் பயணியிடம் ‘டிட் யூ வென்ட் டு ஆரோவில்?’ என்று கேட்டேன். தவறு என்கிறார்கள். முந்தின நாள் நடந்ததைத்தானே கேட்டேன்?

நடந்து முடிந்தது என்பதை ‘டிட்’ சொல்லிவிட்டது தம்பி, ‘வென்ட்’ மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. ‘படித்துக்கொண்டிருந்தான்’ என்பதைப் பிரியுங்கள்: படி, கொள், இரு. இறந்தகாலமும் ‘அவன்’ என்பதும் கடைசி ‘இருந்தான்’ மேல்தான் ஏறியிருக்கின்றன. ‘படித்தான் கொண்டான் இருந்தான்’ என்று யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்திலும் காலத்தைச் சுமப்பது ஒரே ஒரு சொல்தான், ஆனால் வரிசை தலைகீழ். ‘ஹி வாஸ் ரீடிங்’ என்பதில் காலம் காட்டும் ‘வாஸ்’ முன்னால் வருகிறது, பொருள் தரும் ‘ரீடிங்’ கடைசியில் வருகிறது. தமிழில் வாலில் இருக்கும் காலம் ஆங்கிலத்தில் தலையில் இருக்கிறது. இந்த ஒன்று பிடிபட்டால் பாதிப் பிழைகள் தாமாகவே விலகும். ‘ஷி டஸ் நாட் கோஸ்’ என்பதும் இதே பிழைதான்; ‘டஸ்’ஸிலேயே அந்த ‘எஸ்’ வந்துவிட்டது.

உங்கள் நாக்கு ‘வென்ட்’ பக்கம் போனதற்கும் காரணம் இருக்கிறது. தமிழில் ‘போனீர்கள்’ என்பதோடு ஓர் ‘ஆ’ சேர்த்தால் கேள்வி ஆகிவிடும், காலம் வினையிலேயே இருக்கும். ஆங்கிலத்தில் கேள்விக்குத் துணைவினை முன்னால் வர வேண்டும். ‘யூ வென்ட்’ என்பதில் துணைவினையே இல்லை. அதனால் ‘டூ’ வந்து நிற்கிறது, காலத்தையும் தானே வாங்கிக்கொள்கிறது. அப்புறம் மிச்சம் வெறும் ‘கோ’தான்: ‘டிட் யூ கோ?’

புதுச்சேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பள்ளியில் பிரெஞ்சு படித்தேன். ஆங்கிலத்திலும் ‘ஐ ஆம் கம்’ என்று எழுதிவிடுகிறேன்.

பிரெஞ்சில் ‘ஜெ சுயி வெனு’ (சொல்லுக்குச் சொல் ‘ஐ ஆம் கம்’) சரி. அங்கே பெரும்பாலான வினைகளுக்கு ‘அவ்வார்’, அதாவது ஆங்கில ‘ஹேவ்’ போன்றது, துணை. வருவது, போவது, பிறப்பது, இறப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் ‘எத்ர்’, அதாவது ‘ஆம், இஸ், ஆர்’ போன்றது. பழைய ஆங்கிலத்திலும் இதுபோன்ற பிரிவு இருந்தது. ‘ஹி இஸ் கான்’ அதன் மிச்சம்தான். இன்று ‘ஐ ஹேவ் கம்’ என்றே எழுதுங்கள். ஆனால் வயதைச் சொல்லும்போது இதற்கு நேர்மாறு: பிரெஞ்சுக்கு ‘அவ்வார்’, ஆங்கிலத்துக்கு ‘ஐ ஆம் எய்ட்டீன்’.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்: ‘கேன்’, ‘மஸ்ட்’ பின்னால் ‘டு’ வருமா?

வராது. கேன், குட், வில், வுட், ஷால், ஷுட், மே, மைட், மஸ்ட் என்ற ஒன்பதுக்கும் பின்னால் வினையின் அடிச்சொல்தான் வரும். ‘ஷி மஸ்ட் கோ’ என்பதே சரி. ‘எஸ்’ஸும் இவற்றோடு சேராது.

புதுச்சேரியில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர்: ‘வி ஆர் ஹேவிங் த்ரீ ரூம்ஸ்’ சரியா?

‘வி ஹேவ் த்ரீ ரூம்ஸ்’ என்று சொல்லுங்கள். நம்மிடம் இருப்பதைச் சொல்லும்போது ‘ஹேவ்’ முதல்வினை, அதற்கு ‘இங்’ வேண்டாம். ‘வி ஆர் ஹேவிங் லஞ்ச்’ சரிதான், அங்கே ‘ஹேவ்’ சாப்பிடுவதைக் குறிக்கிறது. விருந்தினர் உங்களிடம் ‘டூ யூ ஹேவ் எ ரூம்?’ என்று கேட்டால் ‘டூ’ துணை, ‘ஹேவ்’ முதல். ‘யெஸ், வி டூ’ என்று அந்தத் துணைவினையையே திருப்பிச் சொன்னால் போதும்.