கேள்வி பதில்: ஜாவாவில் கோப்பு எழுதும்போது

கே: ஃபைல்ரைட்டரை (கோப்பில் எழுதும் வகுப்பு) பஃபர்டுரைட்டருக்குள் (எழுத்துகளைச் சேர்த்துவைத்து எழுதும் வகுப்பு) வைத்து சில வரிகள் எழுதுகிறேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் கோப்பு காலியாக இருக்கிறது. தமிழில் எழுதினால் சில கணினிகளில் கேள்விக்குறிகளாக வருகிறது. ஏன்?

ப: ரைட் என்று அழைத்தவுடன் எழுத்துகள் வட்டுக்குப் போவதில்லை. 8192 எழுத்துகள் வரை நினைவகத்தில் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் எழுதப்படும். சில வரிகளால் அந்த இடம் நிரம்பாது. குளோஸ் செய்யாமல், அதாவது ரைட்டரை மூடாமல், நிரல் முடிந்தால் அவ்வளவும் போய்விடும். ஃபைனலியில் (பிழை வந்தாலும் வராவிட்டாலும் இறுதியில் இயங்கும் பகுதி) குளோஸ் எழுதுவதைவிட, ஜாவா 7 முதல் உள்ள வழியே நல்லது: டிரை என்பதற்கு அடுத்த அடைப்புக்குறிக்குள்ளேயே ரைட்டரை உருவாக்குங்கள். நடுவில் பிழை வந்தாலும் அதுவே மூடிவிடும்.

கேள்விக்குறிக்குக் காரணம் வேறு. ஜாவா 17 வரை ஃபைல்ரைட்டர் அந்தந்தக் கணினியின் இயல்பு எழுத்துக் குறியாக்கத்தையே (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) எடுத்துக்கொள்ளும்; பல விண்டோஸ் கணினிகளில் அதில் தமிழுக்கு இடமில்லை. 2022இல் வந்த ஜாவா 18 முதல்தான், தமிழ் உட்பட எல்லா மொழிகளுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியாக்கம் இயல்பானது. பழைய பதிப்பென்றால் ஃபைல்ஸ் வகுப்பின் நியூபஃபர்டுரைட்டரைப் பயன்படுத்துங்கள். ஜாவா 8 முதல், குறியாக்கம் சொல்லாவிட்டாலும் அது யூடிஎஃப்-8இல்தான் எழுதும். ஒன்று கவனம்: அது பழைய உள்ளடக்கத்தை அழித்துவிட்டே தொடங்கும். இருப்பதோடு சேர்க்க, கிரியேட், அப்பெண்ட் என்ற இரண்டு தெரிவுகளையும் கொடுங்கள். அப்பெண்ட் மட்டும் கொடுத்தால், கோப்பு இல்லாதபோது பிழை வரும்.