ஆண் குழந்தைக்கு நிலைத்த பழம்பெயர்: கேள்வி பதில்

பழைய, நிலைத்த ஆண் பெயர்களைப் பற்றிக் கேளுங்கள். எண் கணிதம் என் துறை இல்லை.

மயிலாப்பூர்: மாமனார் பெயர் சோமசுந்தரம். முதல் பேரனுக்கு அதையே வைக்க வேண்டும் என்கிறார்கள். கணவருக்குத் தமிழ்ப் பெயர் ஆசை. நடுவழி உண்டா சார்?

பதில்: உண்டம்மா. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதன் திரிபுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். ஆகவே மாமனார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பெயரையே தமிழாக்குங்கள். சூரியநாராயண சாஸ்திரி தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் ஆக்கினார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். வேதாசலம் மறைமலை ஆனதும் இதே முறையில்தான். பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சொல் தேடி, பிறகு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். சோமன் என்றால் மதி, சுந்தரம் என்றால் அழகு: மதியழகன். ‘திங்களெழிலன்’ என்றாலும் பொருள் சரிதான், ஆனால் தெருவில் நின்று கூப்பிட வராது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அகராதியை மட்டும் பார்க்கிறார்கள், வாயில் வைத்துப் பார்ப்பதில்லை.

தொட்டில் போடும் அன்று குழந்தையின் காதில் முதலில் சோமசுந்தரம் என்று தாத்தாவே சொல்லட்டும், அடுத்து மதியழகன். இதை அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்; விழாவன்று தெரிந்தால் மனம் நோகும்.

பெரம்பூர்: திருவாதிரை மூன்றாம் பாதம். ‘ங’ வருகிறது என்கிறார் ஜோசியர். என்ன செய்வது?

பதில்: திருவாதிரையின் நான்கு பாதங்களுக்கும் கு, க, ங, ச. தமிழில் ‘ங’வில் தொடங்கும் பெயர் கிடையாது. அதே நட்சத்திரத்தின் மற்ற எழுத்துகளை எடுத்துக்கொள்வது வழக்கம்தான். கபிலன், கரிகாலன், குமரன், சாத்தன். என் தேர்வு குமணன்: வறுமையோடு வந்த புலவருக்குத் தன் தலையைக் கொய்துகொள்ள வாளையே நீட்டியவன் பெயர்.

வேளச்சேரி: சங்ககாலப் பெயர்கள் சில சொல்லுங்கள். இணையப் பட்டியல்களில் எதை நம்புவது என்று தெரியவில்லை.

பதில்: குடியை வைத்துத் தேடுங்கள். சேரருக்கு ஆதன், பொறையன், சேரல். சோழருக்கு வளவன், கிள்ளி, சென்னி. பாண்டியருக்கு மாறன், செழியன், வழுதி. வள்ளல்கள் பாரி, ஓரி, காரி, பேகன், ஆய், நள்ளி, அதியமான். இவற்றில் ‘ஆதன்’ இன்னும் பரவவில்லை என்பது எனக்கு வருத்தம். கரூர்ப் பக்கம் புகழூர்க் கல்வெட்டிலும் கீழடிப் பானை ஓடுகளிலும் இருக்கிற பெயர் அது, கூப்பிடவும் எளிது.

சில பெயர்களில் நின்று யோசியுங்கள். கிள்ளியைப் பள்ளியில் பிள்ளைகள் கிள்ளியே கேலி செய்வார்கள். காரி என்பது சனிக்கும் பெயர். ஜாதகம் பார்க்கும் வீட்டில் பின்னால் பேச்சு எழும். நன்னன் என்று இருவர் உண்டு: ஒருவன் மலைபடுகடாமில் பாடப்பட்ட தலைவன், இன்னொருவன் பெண்கொலை புரிந்தவன் என்று குறுந்தொகையில் பழிக்கப்பட்டவன்.

அம்பத்தூர்: கூட்டுத்தொகைக்காக ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாகச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் என்று ஒவ்வோர் இடத்திலும் அந்த ஓர் எழுத்து விடுபடும்.

கோடம்பாக்கம்: சோமசுந்தரம், சுப்பிரமணியன் எல்லாம் வடமொழி. அவற்றைப் பழம்பெயர் என்று நீங்கள் ஏற்பதே தவறு.

திருவல்லிக்கேணி: பார்த்தசாரதி எங்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற பெயர். அதை எப்படி அந்நியம் என்கிறார் கோடம்பாக்கத்துக்காரர்?

பதில்: பழம்பெயரா என்பது ஒரு கேள்வி, தனித்தமிழா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பாதீர்கள். அருமொழி என்ற சோழன் ராஜராஜன் என்று முடிசூட்டுப் பெயர் கொண்டு ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. அதைப் பழம்பெயர் இல்லை என்று யார் சொல்ல முடியும்? வடசொல் வந்தால் வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் எழுத வழி சொன்னது தொல்காப்பியமே.

கோடம்பாக்கம்: அப்படியானால் எல்லாக் கதவையும் திறந்துவிடுகிறீர்கள்!

பதில்: இல்லை ஐயா. தனித்தமிழ்தான் வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தால் அது நல்ல தேர்வு, நானும் உதவுகிறேன். பிறர் வீட்டுத் தாத்தா பெயரைத் தள்ளச் சொல்வதைத்தான் ஏற்க மாட்டேன். நான் எதிர்ப்பது நேற்று முளைத்து, ‘ஷ்’ என்று முடிந்து, பொருள் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிற பெயர்களை. இந்த விவாதம் இத்தோடு போதும்.

போரூர்: ரோகிணிக்கு என்ன எழுத்து? வேலன் வைக்கலாமா?

பதில்: ஓ, வ, வி, வு. ஓரி, வளவன், வழுதி பொருந்தும். ‘வே’ மிருகசீரிடத்துக்கு உரியது.

அடையாறு: ‘ர’வில் தொடங்கும் தூய தமிழ்ப் பெயர்?

பதில்: ர, ல இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. அதனால்தான் இராமன், இலக்குவன் என்று எழுதினார்கள்.

தண்டையார்பேட்டை: பெயர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்கினோம். பிள்ளைக்கு 14 மாதம்.

பதில்: 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். வீடு இருக்கும் இடத்தில் இல்லை, பிரசவம் நடந்த இடத்தின் பதிவாளரிடம் போக வேண்டும். பதிந்த பெயரைப் பின்னால் மனம்போல மாற்ற முடியாது. எழுத்துப் பிழையை மட்டும் ஆதாரம் காட்டித் திருத்தலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பேர் படித்துச் சரிபார்த்தபின் கொடுங்கள்.

அண்ணாநகர்: இளஞ்செழியன் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

பதில்: மேலே சொன்னதுதான், முடிவு பதிவுக்கு முன்பே வேண்டும். இங்கே ‘ழ’வுக்கு இசட் எச் போடுவது வழக்கம், அதையே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, அப்பா பெயர் முழுதாக வரும். அப்பா சண்முகசுந்தரம் என்றால் இரண்டும் சேர்ந்து மிக நீளும்; செழியன் போதும்.

குரோம்பேட்டை: நட்சத்திரம் உத்திரட்டாதி, எழுத்து...

பதில்: பஞ்சாங்கத்தில் நான்கு எழுத்தும் அச்சிட்டிருக்கும். தயவுசெய்து பார்த்துவிட்டுப் பெயரோடு வாருங்கள்.

சைதாப்பேட்டை: நாளைக்குத் தொட்டில். மாறனா, வழுதியா? ஒன்று சொல்லுங்கள் சார்.

பதில்: வாசலில் நின்று இரண்டையும் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். ‘மாறா!’ என்றால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். மாறன் வையுங்கள்.