குன்னூர் இறக்கத்தில் பிடிக்காத டிஸ்க் பிரேக்

உங்கள் சைக்கிளுக்கு ஹைட்ராலிக் பிரேக் (திரவ அழுத்தத்தில் இயங்குவது) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; வாங்க வேண்டியதில்லை. இருக்கும் கேபிள் டிஸ்க் பிரேக்கையே சரிசெய்யலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக் லிவர் கைப்பிடியைத் தொடுமளவு உள்ளே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தேய்ந்துபோன உள்பக்க பேடை (பிரேக் பிடிக்கும்போது உராயும் கட்டையை) நகர்த்தாமல் விட்டிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். விலை குறைந்த காலிப்பர்களில் (பேடுகளைத் தாங்கும் பாகம்) வெளிப்பக்க பேடு மட்டுமே நகர்ந்து, சக்கரத்தோடு சுழலும் தகடான ரோட்டாரை வளைத்து, அசையாமல் நிற்கும் உள்பக்க பேடின்மேல் அழுத்துகிறது. அந்தப் பேடு தேயத் தேய, லிவரின் ஓட்டம் ரோட்டாரை வளைப்பதிலேயே வீணாகிறது.

1. சக்கரத்தைச் சுழலவிட்டு, காலிப்பரில் ஆரக்கம்பிகளின் பக்கம் உள்ள, உள்பக்க பேடை நகர்த்தும் திருகைச் சிறிது சிறிதாக உள்ளே திருப்புங்கள். உரசும் ஒலி கேட்டதும் திருகைச் சற்றே பின்னால் திருப்புங்கள்.

2. பேடைக் கழற்றிப் பாருங்கள். உராயும் பகுதி 1 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ரோட்டாரில் ரெசின் (பிசின் கலவை) பேடுக்கு மட்டும் என்று பொறித்திருந்தால் உலோக பேடு போடக் கூடாது.

லிவரை விட்டதும் அது மெதுவாகத் திரும்பினால், மழையிலும் மூடுபனியிலும் கேபிள் உறைக்குள் துரு ஏறியிருக்கலாம். கேபிளையும் உறையையும் சேர்த்தே மாற்றுங்கள். மலையில் ஓட்டுபவர் இந்தச் செலவில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

புதிய பேடு உடனே முழுமையாகப் பிடிக்காது என்பதால், சமதளத்தில் இருபது முப்பது முறை வேகமெடுத்து நிதானமாகப் பிரேக் பிடித்துப் பழக்கிய பிறகே இறக்கத்துக்குப் போங்கள். இறங்கும்போது தொடர்ந்து பிடித்தபடியே வராமல், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிரேக்கை விடுங்கள். இறங்கி நின்றதும் ரோட்டாரைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும்.